பொலேரோ கேம்பரும் ஒரு கூடுதல் பட்டையும்: ஊர் சுற்றுவதற்காக ஒரு டீசல் பிக்கப்பைச் சீர்செய்த பதிவு

திருவொற்றியூரில் நான் நடத்தும் சிறிய லேத் பட்டறைக்கு, இரும்புத் தண்டுகளையும் கடைந்து முடித்த உருப்படிகளையும் வாரத்தில் மூன்று நாட்களாவது மணலிக்கும் அம்பத்தூருக்கும் கொண்டு செல்ல ஒரு வண்டி தேவைப்பட்டது. பள்ளி விடுமுறை வந்தால் மனைவி, மகன், தம்பி ஆகியோருடன் மலைப்பக்கம் போய் நான்கைந்து நாட்கள் தங்கி, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுத் திரும்பும் பழக்கமும் எங்களுக்கு உண்டு. இரண்டுக்கும் தனித்தனி வண்டி வைத்துக்கொள்ள வருமானமும் போதாது, எங்கள் தெருவில் இடமும் கிடையாது. ஆகவே நான்கைந்து பேர் உட்காரக்கூடிய இரட்டைக் கேபின் கொண்ட டீசல் பிக்கப் ஒன்றைப் பழையதாக வாங்கிச் சீர்செய்வது என்று 2024 ஆம் ஆண்டின் நடுவில் முடிவெடுத்தேன்.

எங்கள் பக்கத்துச் சாலைகளில் தினமும் கண்ணில் படுவது இசுசு. அந்த நிறுவனத்தின் தொழிற்சாலை கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் வரும் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இயங்குகிறது. வி-கிராஸ் என்ற மாதிரி தனிநபர் பதிவில், வெள்ளை போர்டில் கிடைப்பதால் சுற்றுலாவுக்கு அதுவே மிகப் பொருத்தமானது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதன் பழைய வண்டிக்குச் சொல்லப்பட்ட விலை என் கணக்கை வெகுவாகத் தாண்டியது. டாட்டா ஸீனான் மலிவாகக் கிடைத்தது. ஓட்டிப் பார்த்தபோது இழுவையும் பிடித்திருந்தது. ஆனால் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு மலையடிவாரச் சிற்றூரில் பாகம் தேடுவதை நினைத்ததும் தயங்கினேன். மகிந்திரா பொலேரோ கேம்பரில் சொகுசு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஆயினும் அதன் 2523 சிசி டீசல் எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே முழு இழுவையையும் கொடுக்கும், அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் இல்லாத ஊரைத் தமிழ்நாட்டில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இரண்டாவது காரணமே என் தேர்வைத் தீர்மானித்தது.

கேம்பர் சரக்கு வண்டியாகப் பதிவாவது, மஞ்சள் போர்டு. அதனால் வரும் கட்டுப்பாடுகளை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. எட்டு ஆண்டுகள் வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்சி என்னும் தகுதிச் சான்றுக்காக வண்டியைக் காட்ட வேண்டும். 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும். பின்புறச் சரக்குத் தட்டில் ஆட்களை ஏற்றவே கூடாது. மொத்த எடை 3000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை என்பது இதில் கிடைக்கும் ஆறுதல். உரிமத்தைப் பற்றிய குழப்பமும் இப்போது இல்லை. 7500 கிலோவுக்கு உட்பட்ட இலகுரகச் சரக்கு வண்டியைச் சாதாரண இலகுரக உரிமத்தோடு ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 இல் சொன்னதை, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. இவை எல்லாம் தெரிந்திருந்தும், சோதனைச் சாவடிகளில் "என்ன லோடு?" என்ற கேள்விக்குத் தலையணைகளைக் காட்டிப் பதில் சொல்லும் சங்கடம் ஒவ்வொரு பயணத்திலும் இருக்கத்தான் செய்கிறது.

வட சென்னையில் பழைய பிக்கப் வாங்குகிறவர் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்பு சேஸிஸை, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காசிமேட்டில் மீன் ஏற்றிய வண்டியில் பெட்டியிலிருந்து உருகி வடியும் ஐஸ் தண்ணீர் உப்போடு சேர்ந்து தட்டின் இடுக்குகள் வழியே இறங்கி, சேஸிஸின் பெட்டி போன்ற பகுதிக்குள் தேங்கி, உள்ளிருந்தே இரும்பைத் தின்றுகொண்டிருக்கும். வெளியே கறுப்பு பெயின்ட் பளபளவென்று இருக்கும். நான் பார்த்த நான்காவது வண்டி அப்படிப்பட்டது. பின்சக்கரத்துக்கு முன்னால், ஸ்பிரிங் மாட்டியிருக்கும் பிராக்கெட்டுக்கு அருகில் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தேன். டங்கென்று ஒலித்துக்கொண்டிருந்த இரும்பு ஓரிடத்தில் தொப்பென்றது. திருப்புளியை வைத்து லேசாக அழுத்தியதும் பெயின்டும் அதன் கீழே ஓட்டையை மறைக்கப் பூசியிருந்த பட்டிப் பசையும் பெயர்ந்து, திருப்புளி உள்ளே போய்விட்டது. புரோக்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் எதுவும் பேசாமல் வந்துவிட்டேன்.

இன்னொரு ஆபத்து வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நீரில் நின்ற வண்டிகள் அடுத்த சில மாதங்களில் துடைத்து மெருகேற்றப்பட்டு விற்பனைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. சீட் பெல்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். டாஷ்போர்டுக்குக் கீழே ஒயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

ஏழாவதாகப் பார்த்ததுதான் இப்போது என்னிடம் இருப்பது. 2018 மாடல், பிஎஸ்4 புகை விதிக்கு உட்பட்டது, சிங்கிள் ஓனர், கட்டுமானப் பொருட்கள் ஏற்றிய வண்டி, ஓடியது 1,12,000 கிலோமீட்டர். விடியற்காலையில், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்து காட்டச் சொன்னேன். ஒரே சுழற்சியில் பிடித்தது. ஆயில் மூடியைத் திறந்து வைத்துப் பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரிலிருந்து கசிந்து வரும் புகை, இருக்கிறதா என்று பார்த்தோம். மெல்லிய ஆவி தவிர ஒன்றும் வரவில்லை. அடுத்த விதியான பிஎஸ்6 வண்டியை வேண்டுமென்றே தவிர்த்தேன். அதில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள எஞ்சின் நல்ல சூட்டில் தொடர்ந்து ஓட வேண்டும். திருவொற்றியூரிலிருந்து மணலிக்குக் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்வரும் வண்டிக்கு அந்த வாய்ப்பு எப்போது கிடைக்கும்?

வண்டி வந்த மறுவாரம் நான் செய்த முதல் வேலை, எதையும் வாங்கி மாட்டாமல், மணலிச் சாலையில் ஓர் எடைமேடைக்குப் போனது. எடை போடுபவர் சன்னல் வழியே எட்டிப் பார்த்து, "இன்னா சார், காலி வண்டிய எட போடுற?" என்று சிரித்தார். முன்சக்கரங்கள் மட்டும், பின்சக்கரங்கள் மட்டும், முழு வண்டி என்று மூன்று முறை போடச் சொன்னபோது சிரிப்பு நின்று சந்தேகம் வந்துவிட்டது. முழு டேங்க் டீசலும் நானும் சேர்ந்து 1810 கிலோ. அதில் முன்னால் 960, பின்னால் 850. பிறகு, பயணத்துக்கு நாங்கள் கொண்டு செல்வதை எல்லாம் வீட்டுத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துக் கூட்டினேன். மற்ற மூவர் 200 கிலோ, கூடாரச் சட்டமும் பலகையும் பெட்டிகளும் 85, தண்ணீர் 40, அடுப்பும் பாத்திரங்களும் 25, துணிமணி, படுக்கை 40, கருவிகள் 40. ஆக, ஒரு டன் சுமக்க வடிவமைக்கப்பட்ட வண்டியின் மேல் நான் கூடுதலாக ஏற்றப்போவது 430 கிலோ மட்டுமே. பட்டறைச் சுமையும் 500 கிலோவைத் தாண்டுவதில்லை.

இந்தக் கணக்கு கையில் இருந்ததால்தான், வண்டி ஏன் அப்படித் தூக்கிப்போட்டது என்பதற்கு விடை கிடைத்தது. தண்டையார்பேட்டையில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்சீட்டில் இருப்பவர் தலை கூரையில் இடித்தது. உயர்தர ஷாக் அப்சார்பர் போடு, அகலமான டயர் போடு, சீட்டை மாற்று என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, பின்புறப் பட்டைக் கட்டில், அதாவது வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங்கில், ஒரு பட்டை மட்டும் மற்றவற்றைவிடப் புதியதாக, ஓரம் கரடுமுரடாக வெட்டப்பட்டு இருப்பது தெரிந்தது. முந்தைய உரிமையாளர் சிமென்ட் மூட்டைகளைக் கூடுதலாக ஏற்றுவதற்காகப் பக்கத்துக்கு ஒன்றாக எக்ஸ்ட்ரா பட்டை போட்டிருக்கிறார்! கம்பெனி கொடுத்த பட்டைகளே 430 கிலோவுக்கு அதிகம்; அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தால் அந்தக் கட்டு வளையவே வளையாது.

மூலக்கடையைத் தாண்டி மாதவரம் போகும் வழியில் லாரிகளுக்குப் பட்டை அடிக்கும் பெரியவர் ஒருவரிடம் வண்டியை விட்டேன். அறுபது வயதைத் தாண்டியவர். பின்புறத் தட்டில் இரண்டு முறை காலை வைத்து அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது ஸ்பிரிங்கு இல்ல தம்பி, திண்ண" என்றார். கட்டைப் பிரித்தபோது பட்டைகளுக்கு இடையே துரு சப்பாத்தி போல அடுக்கடுக்காகப் பெயர்ந்து விழுந்தது. பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கினால்தான் ஸ்பிரிங் வேலை செய்யும். துரு பிடித்து ஒட்டிக்கொண்டால் ஏழு பட்டையும் ஒரே இரும்புக் கட்டையாகிவிடும். எக்ஸ்ட்ரா பட்டைகளை எடுத்து ஓரமாக வைத்தோம். மற்றவற்றைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, மெயின் பட்டையில் விரிசல் இருக்கிறதா என்று சென்டர் போல்ட் துளையைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் தேய்த்துப் பார்த்தோம். விரிசல் இருந்தால் அதில் புகுந்த எண்ணெய் வெண்மையின் மேல் மெல்லிய கோடாகக் கசிந்து வரும்; வரவில்லை. கிராஃபைட் கிரீஸ் தடவித் திரும்பக் கட்டினோம்.

பட்டைக் கட்டை ஆக்சிலோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஒரு முறை இறுகி நீண்ட போல்ட் மறுபடி அதே பிடியைக் கொடுக்காது. அந்த போல்ட்டுகளின் விலை ஒரு குடும்பச் சாப்பாட்டின் விலைதான். பட்டை முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் அனைத்தையும் மாற்றினோம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே பட்டை முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கில் போல்ட்டுகளை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதங்களில் கிழிந்துவிடும். கையால் மட்டும் திருகி வைத்து, சக்கரங்கள் தரையில் ஊன்றிய பிறகே டார்க் ரெஞ்சால் இறுதியாக இறுக்க வேண்டும். பெரியவருக்கு இது தெரிந்தே இருந்தது. ஆனால் அவசரக்கார லாரி ஓட்டுநர்கள் அதற்கு நேரம் கொடுப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பின் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கியபோது ஒவ்வொன்றும் கால் சுற்றுக்குக் குறையாமல் திரும்பியது.

வண்டியின் பின்புறம் 38 மில்லிமீட்டர் இறங்கியது. சவாரி மென்மையாகிவிட்டது என்ற மகிழ்ச்சியில் அந்த 38 மில்லிமீட்டருக்கு வேறு என்னென்ன விளைவு இருக்கும் என்று யோசிக்காமல் விட்டது முழுக்க என் தவறு. இரண்டு நாள் கழித்து, மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், எண்ணூர் விரைவுச் சாலையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தபோது முன்னால் போன டிரெய்லர் நின்றது. பிரேக்கை மிதித்ததும் பின்சக்கரங்கள் இரண்டும் பிடித்துக்கொண்டு, வண்டியின் பின்புறம் கடல் பக்கமாக விலகி, சாலைக்குக் குறுக்கே சாய்ந்தபடி நின்றது. டிரெய்லரின் பின்கம்பிக்கும் என் பானெட்டுக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. தட்டு காலியாக இருந்தது. அதுதான் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது.

இவ்வகை வண்டிகளில் பின்பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைச் சுமைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று சேஸிஸில் இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி பின் ஆக்சிலுக்குச் செல்லும். சுமை ஏறி வண்டி தாழ்ந்தால், கம்பி வால்வைத் திருப்பிப் பின்பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும்; காலியாக உயர்ந்து நின்றால் குறைக்கும். எக்ஸ்ட்ரா பட்டை போட்ட நாளில் வண்டி உயர்ந்துவிட்டதால், அதற்கு ஈடாக யாரோ அந்தக் கம்பியின் பிராக்கெட்டை நீள்துளையில் நகர்த்தி வைத்திருக்கிறார்கள். நான் பட்டையை எடுத்ததும், காலி வண்டியே சுமை ஏற்றிய வண்டி என்று வால்வு எண்ணிக்கொண்டது. நல்லவேளையாக, நீள்துளையில் போல்ட் முதலில் இருந்த இடத்தில் கம்பெனிப் பெயின்ட் வட்டமாக அப்படியே எஞ்சியிருந்தது. போல்ட்டைத் தளர்த்தி அந்த வட்டத்துக்குக் கொண்டு வந்து இறுக்கி, மணல் இல்லாத ஒரு காலிச் சாலையில் குறைந்த வேகத்தில் பலமுறை பிரேக் அடித்துப் பார்த்தேன். முன்சக்கரங்களே முதலில் பிடித்தன, அப்படித்தான் பிடிக்கவும் வேண்டும். பட்டையில் கை வைக்கிறவர்கள் இந்தக் கம்பியையும் ஹெட்லைட்டையும் அன்றே சரிபார்த்துவிட வேண்டும். பின்புறம் இறங்கியதில் என் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடித்துக்கொண்டிருந்ததையும் அன்றிரவுதான் பட்டறைச் சுவரில் ஒளியை விழவிட்டுக் கவனித்தேன்.

இதற்குப் பிறகு செய்தவை எளிய வேலைகள். டயர்களில் தேதி எண் 1518 என்று இருந்தது, அதாவது 2018 ஆம் ஆண்டின் பதினைந்தாவது வாரம். சாலையைப் பிடிக்கும் பட்டன் மிச்சமிருந்தும் ஐந்தையும் மாற்றினேன். பழைய டயர்களில் பின்னால் 50 பிஎஸ்ஐ காற்று இருந்தது. புது டயரின் முகத்தில் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு, பயணச் சுமையோடு நூறு அடி ஓட்டி, கோடு எங்கே அழிகிறது என்று பார்த்து, நடுவும் ஓரமும் ஒரே சீராக அழியும் வரை குறைத்துக்கொண்டே வந்ததில் பின்னால் 38 என்று முடிந்தது. பட்டறைச் சுமை ஏற்றும் நாளில் அதை உயர்த்தியாக வேண்டும். ஒரு முறை மறந்துவிட்டு அம்பத்தூர் வரை போய், டயரைத் தொட்டால் கை சுடும் நிலையில் திரும்பினேன்.

துருவைத் தடுக்க, வாங்கிய நிலையிலேயே அண்டர்கோட்டிங் அடித்துவிடலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். ஈரத்தையும் துருவையும் உள்ளே வைத்து மூடுவதற்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. சேஸிஸின் அடியிலிருக்கும் வடிகால் துளைகளைக் கம்பி விட்டுத் திறந்து, நன்னீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, துரு தெரிந்த இடங்களைத் தேய்த்து ஸிங்க் பிரைமர் அடித்து, அதன் மேல் கறுப்பு பெயின்ட் அடித்தேன். சேஸிஸின் உட்புறத்துக்கு மெழுகுக் கலவையை நீளக் குழாய் வைத்துப் பீய்ச்சினேன். எங்கள் பக்கத்தில் பலர் பழைய எஞ்சின் ஆயிலைத் தடவுகிறார்கள். அது இரும்பைக் காத்தாலும் ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். புதிதாகப் போட்ட புஷ்களுக்கு அந்தக் கதி வேண்டாம்.

தட்டுக்கு மேல் கூடாரம் அமைக்க, ஒரு பாடி கட்டும் பட்டறையில் இரும்பு ஆங்கிளும் தகரமும் வைத்துச் சொன்ன கூண்டின் எடை ஏறத்தாழ 180 கிலோ. பட்டையை எடுத்து மென்மையாக்கிய பின்புறத்தில் அதை ஏற்றுவது எனக்கு அபத்தமாகப் பட்டது. தவிர, வண்டியின் வடிவத்தை நிரந்தரமாக மாற்றினால் ஆர்சியில் அனுமதி பெற வேண்டும், காப்பீட்டிலும் கேள்வி வரும். அலுமினியச் சதுரக் குழாயில் சட்டம் அடித்து, ஏற்கெனவே தட்டில் இருந்த கயிறு கட்டும் கொக்கிகளின் துளைகளிலேயே போல்ட் போட்டு நிறுத்தி, பாரிமுனையில் வாங்கிய தார்ப்பாயைத் தைத்துப் போர்த்தினேன். மொத்தம் 45 கிலோ. இரண்டு பேர் இருபது நிமிடத்தில் கழற்றிவிடலாம். தட்டின் நீளம் ஐந்தடிக்கும் குறைவு என்பதால் பின்கதவைத் திறந்து, அதன் மேல் நீளும்படி படுக்கைப் பலகையை மடக்கு முறையில் அமைத்தேன். குளிர்ப்பெட்டி வாங்கும் யோசனையைக் கைவிட்டு, காசிமேட்டில் மீனுக்குப் பயன்படுத்தும் தெர்மகோல் பெட்டியையே வைத்துக்கொண்டோம். தூள் ஐஸுக்குப் பதிலாகப் பாறை ஐஸைத் துணியில் சுற்றி வைத்தால் மூன்றாம் நாளும் பால் கெடுவதில்லை. மின்சாரத்துக்கு ஒரு தனி பேட்டரி போதுமானதாக இருக்கிறது. பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் போட்டிருக்கிறேன்.

அனைத்தையும் ஏற்றி மறுபடி எடைமேடைக்குப் போனேன். 2240 கிலோ, முன்னால் 1030, பின்னால் 1210. வீட்டுத் தராசின் கணக்கோடு சரியாகப் பொருந்தியது. இம்முறை எடை போடுபவர் சிரிக்கவில்லை, சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, "எங்க சார், டூரா?" என்று கேட்டார்.

2025 பொங்கல் விடுமுறையில் கொல்லிமலைக்குப் போனோம். காரவள்ளியிலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியரிலேயே பெரும்பாலும் ஏறியது, சூட்டு முள் நடுவைத் தாண்டவில்லை. இறங்கும்போதும் இரண்டாம் கியரை விடாமல் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி ஓட்டியதால், அடிவாரத்தில் நிறுத்திச் சக்கரத்துக்கு அருகே கை வைத்துப் பார்த்தபோது அனலோ கருகிய வாடையோ இல்லை. பின்சீட்டில் இருந்த என் தம்பி நாமக்கல் வரை தூங்கிக்கொண்டு வந்தான். டேங்க் நிரப்பி டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்ததில் லிட்டருக்கு 11.8 கிலோமீட்டர், கூடாரம் இல்லாமல் நெடுஞ்சாலையில் 13 வரை வருகிறது.

வலப் பின்பக்க ஷேக்கிலில் மட்டும் மழை நாட்களில் கிரீச்சென்று ஒரு சத்தம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. கழற்றிய இரண்டு எக்ஸ்ட்ரா பட்டைகளும் பட்டறையில் தண்டவாளத் துண்டுக்குப் பக்கத்தில் கிடக்கின்றன; அவற்றில் ஒன்றை வெட்டி டயர் கழற்றும் நெம்புகோல் அடித்துக்கொண்டேன்.